தூதுவருக்கு உண்மையில என்ன வேலை? மகள் கேட்ட கேள்வி (திருகோணமலை)

கோட்டையடி ஓட்டோ

எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளியில இருந்து ஓட்டோ ஓடுறன். போன ஞாயிறு மகளை ஏத்திக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனன். பிரட்ரிக் கோட்டைக்குள்ள, மான் மேயிற இடத்துக்குப் பக்கத்தில, தூதரக வாகனங்களுக்குப் போடுற டி.பி.எல். இலக்கத் தகடு போட்ட கறுப்பு வாகனம் ஒண்டு நிண்டது. முன்னுக்கு இருந்த சின்னக் கொடியை உறை போட்டு மூடியிருந்தாங்கள். எங்களைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொன்னாங்கள். அப்ப மகள் கேட்டாள், "அப்பா, தூதுவருக்கு உண்மையில என்ன வேலை?"

"வெளிநாட்டில எங்கட நாட்டுக்காக இருக்கிற பெரிய ஆள்" எண்டன். "சரி, அங்க இருந்து என்ன செய்வார்?" எண்டு திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரேல்ல.

அவள் ஏ.எல். கலைப்பிரிவில சோதனை எழுதிப்போட்டு இருக்கிறாள். வெளிநாட்டுச் சேவைக்குப் போகவேணும் எண்டு ஓ.எல். படிக்கேக்கயே சொன்னவள். அக்கம்பக்கத்தில "அது கொழும்பில பெரிய வீட்டுப் பிள்ளையளுக்கு" எண்டு சொல்லுறாங்கள். அவள் முகம் வாடுறது எனக்குத் தாங்கேல்ல. விசயம் தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து விளக்கமா எழுதுங்கோ. அப்பிடியே அவளுக்கு வாசிச்சுக் காட்டுவன்.

ஓய்வு லிகிதர்

தம்பி, நான் தூதுவராக இருந்தவன் அல்ல. வெளிநாட்டு அமைச்சில் லிகிதராகச் சேர்ந்து, இரண்டு நாடுகளில் எங்கள் தூதரகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஐந்து தூதுவர்களுக்குக் கீழ் இருந்திருக்கிறேன். அருகில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பெயர். பொதுநலவாய நாட்டுக்கு அனுப்பப்படுபவர் உயர் ஸ்தானிகர், மற்ற நாடுகளுக்குப் போகிறவர் தூதுவர். டெல்லியில் உயர் ஸ்தானிகர், தோக்கியோவில் தூதுவர். தரத்தில் இருவரும் ஒன்றுதான்.

ஒருவரைத் தெரிவு செய்த உடனே விமானம் ஏற்றிவிட முடியாது. "இன்னாரை அனுப்ப நினைக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று அந்த நாட்டிடம் சத்தமில்லாமல் கேட்க வேண்டும். பிரெஞ்சில் 'அக்ரெமான்' என்பார்கள். அவர்கள் மறுக்கலாம், மறுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. இங்கே நியமிப்பவர் ஜனாதிபதி. நாடாளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவும் பெயரைப் பார்த்து அனுமதிக்கும். பிறகு எங்கள் ஜனாதிபதி கையொப்பமிட்டு அந்த நாட்டுத் தலைவருக்கு எழுதும் நற்சான்றுப் பத்திரத்தைக் கொண்டுபோய் நேரில் கையளிக்க வேண்டும். பத்திரிகையில் படம் வருமே, அதுதான்.

அந்தத் திகதிக்குப் பெரிய மதிப்பு உண்டு. தூதுவர்களுக்குள் யார் முன்னால் நிற்பது என்பது நாட்டின் பெருமையைப் பார்த்து வருவதில்லை, பணியேற்ற திகதியைப் பார்த்தே வரும். பத்து வருடமாக அங்கேயே இருக்கும் ஒரு சின்னத் தீவின் தூதுவர், நேற்று வந்த வல்லரசின் தூதுவருக்கு முன்வரிசையில் நிற்பார். முதல் தடவை அதைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

இனி வேலை. காலையில் முதல் வேலை வாசிப்பு. அந்த நாட்டுப் பத்திரிகை, நாடாளுமன்றப் பேச்சு, வர்த்தகச் செய்தி எல்லாம் வாசிக்க வேண்டும். பிறகு ஆட்களைச் சந்திக்க வேண்டும். பிறகு எழுத வேண்டும். எனக்கு வாய்த்த தூதுவர்களில் ஒருவர் ஒரு பக்க அறிக்கையை நாலு தடவை திருத்தச் சொல்வார். "அவர் சொன்னது ஒரு பந்தி, நான் நினைப்பது வேறொரு பந்தி. இரண்டையும் கலந்து தட்டச்சு செய்துவிடாதே" என்பார். கொழும்பில் அதை வாசித்து முடிவெடுப்பவருக்கு எது கேட்டது, எது ஊகம் என்று தெரியாமல் போனால் ஒரு நாடே தவறான முடிவுக்குப் போய்விடும் என்பது அவருடைய பயம். மாலையில் விருந்துகள். வெளியில் நிற்பவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும். அந்த விருந்தில் பத்து நிமிடம் நின்று கேட்ட ஒரு வசனத்துக்காக இரவு பதினொரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டு எழுதுவித்ததும் உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படையான சட்டம் 1961 ஏப்ரல் 18 இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை. அதன் 3 ஆம் உறுப்புரை தூதரகத்தின் வேலையைச் சொல்கிறது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்தல், தன் நாட்டினதும் மக்களினதும் நலன்களைக் காத்தல், பேச்சுவார்த்தை நடத்துதல், நடப்பதைச் சட்டத்துக்கு உட்பட்ட வழியில் அறிந்து ஊருக்கு அறிவித்தல், நட்பை வளர்த்தல். பிள்ளையிடம் இந்த ஐந்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் என் மேசையில் எப்போதும் இருந்தவை இரண்டு கோப்புகள். ஒன்று சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களுடையது. மற்றது சவச்சாலையில் இருப்பவர்களுடையது. இரண்டும் ஒரு நாளும் வெறுமையானதில்லை.

பட்டினத்தெரு ஆசிரியை

ஐயா, "அவர் சொன்னது ஒரு பந்தி, நான் நினைப்பது வேறொரு பந்தி" என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் வள்ளுவர் தூதுக்கு வைத்த அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. "தொகச்சொல்லித் தூவாத நீக்கி" என்கிறார். சொல்ல வேண்டியதைத் தொகுத்துச் சொல்லி, வேண்டாத சொல்லை நீக்க வேண்டும். வகுப்பில் இதைப் பொருள் எழுதவைத்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். ஒரு தட்டச்சு மேசையில் அது இப்படி நடக்கும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நன்றி.

கொட்டியாரக்கரை

பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள். தூதுவர் விசயத்தில் எங்கள் ஊருக்கு முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

1672 இல் பிரெஞ்சுக் கடற்படை ஒன்று எங்கள் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு ஒல்லாந்தரைப் பிடிக்காது, ஆகவே இவர்களை வரவேற்றான். பிரெஞ்சுத் தளபதி லா நெரோல் என்ற பிரபுவைத் தூதுவராக அனுப்பினார். அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை. அரண்மனைக்கு முன்னால் குதிரையை விட்டு இறங்காமலே போனார். அது அங்கே பெரிய அவமரியாதை. அரசனைச் சந்திக்கக் காத்திருக்க வைத்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வந்துவிட்டார். அரசன் அவரை அடிப்பித்துச் சங்கிலியில் போட்டான். அந்தக் காலத்தில் கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். நொக்ஸையும் 1660 இல் பிடித்துக்கொண்டு போனது இதே மூதூர்ப் பக்கத்தில்தான். அதே 1672 இலேயே ஒல்லாந்தர் வந்து பிரெஞ்சுக்காரரை இங்கிருந்து துரத்திவிட்டார்கள். தூதுவரின் ஒரு நாள் நடத்தை நட்பை முளையிலேயே கருக்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, இதைவிட எனக்குப் பிடித்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். சென்னை ஆளுநரின் கடிதத்தோடு ஹியூ பொய்ட் என்பவர் இங்கிருந்து காடு வழியாகக் கண்டிக்குத் தூது போனார். இருபது வருடத்துக்கு முன், 1762 இல், பைபஸ் என்று ஒருவர் இதே மாதிரி வந்து, அரசன் முன் மண்டியிட்டு, கடிதத்தைக் கொடுத்து, நிறையப் பேசிவிட்டுப் போனார். அதன்பின் ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கண்டி அரசவை மறக்கவில்லை. கிழக்கிந்தியக் கொம்பனிக்காரர் அனுப்பிய ஆளோடு உடன்படிக்கை இல்லை, இங்கிலாந்து அரசனே அனுப்பட்டும் என்று பொய்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாவம், திரும்பிப் போகும் வழியில் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். அந்த வருடமே ஓகஸ்ட்டில் திருகோணமலையும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

லிகிதர் ஐயா சொன்ன நற்சான்றுப் பத்திரத்தின் சாரம் இதுதான். "உன்னை அனுப்பியவர் யார்? அவருடைய முந்திய வாக்கு என்னவாயிற்று?" கண்டி அரசவை இந்த இரண்டையும்தான் கேட்டது.

கிண்ணியா மூத்தவன்

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் நல்லா எழுதுறீங்க. ஆனா எனக்கு மனசுல ஒரு பாரம் இரிக்கி, அதச் சொல்லாம போக ஏலாது.

என்ட தம்பி வளைகுடா நாடொண்டுல டிரைவரா இருந்தான். மாரடைப்புல மௌத்தாகிட்டான். கஃபீல் எண்டா அங்க வேலைக்கு எடுத்த முதலாளி, அவருக்குப் போனைப் போட்டா எடுக்கல்ல. எங்கட தூதரகத்துக்கு நாலு நாள் அடிச்சம். ஒருக்கா எடுத்து "பைல் திறக்கணும்" எண்டாங்க, வேற ஒருக்கா "அந்த ஆபீசர் லீவு" எண்டாங்க. உம்மா ஒவ்வொரு நாளும் வாசல்ல குந்திக்கிட்டு இருந்தா. தூதுவர் எந்த விருந்துல நிண்டாரோ எனக்குத் தெரியா. அந்த நேரம் எனக்கு வந்த கோபம் இண்டைக்கும் முழுசாப் போகல்ல.

அஞ்சாம் நாள் ஒரு பொண் புள்ளட குரல் போன்ல வந்திச்சி. மூன்றாம் செயலாளர் எண்டாங்க. தமிழ் கொஞ்சம்தான் வரும், சிங்களமும் இங்கிலீசும் கலந்து பேசினாங்க. "நான் இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன், உங்கட தம்பியப் பாத்தேன்" எண்டாங்க. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, அங்க லீவு நாள். அங்கயே அடக்கட்டா, ஊருக்கு அனுப்பட்டா எண்டு கேட்டு, ரெண்டுக்கும் என்னென்ன பேப்பர் வேணும், எத்தன நாள் போகும் எண்டு பொறுமையாச் சொன்னாங்க. நாங்க அங்கயே அடக்கச் சொன்னம். ஜனாஸா தொழுகைக்கு எங்கட ஊர்ப் பொடியன்களத் தேடிப் பிடிச்சிச் சொல்லி, கபுர்ட படமும் அனுப்பினாங்க.

இந்தப் புள்ள தூதுவரா வந்தா, ஒரு விசயம் மறக்கக் கூடாது. போனை எடுக்கிறதும் அந்த வேலதான்.

ஓய்வு லிகிதர்

கிண்ணியா நானா, உங்கள் தாயாருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன நாலு நாளுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆள் போதாது, மரணச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, தொழில் தருநரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலுவலகம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் போனை எடுத்து "எங்களுக்குத் தெரியும், பார்க்கிறோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தூதரகத்துக்குள் நிலைமை தூதுவரைப் பொறுத்தது. நான் கண்ட நல்ல தூதுவர் ஒருவர் திங்கட்கிழமை காலையில் முதலில் கேட்பது "போன கிழமை யார் இறந்தார்கள், வீட்டுக்குச் சொல்லியாயிற்றா?" என்பதுதான். அவர் அதைக் கேட்பார் என்பதற்காகவே நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து கோப்பைப் பார்த்தோம். வேறொருவர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் காலத்தில் நாங்களும் தளர்ந்துபோனோம். எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கும் காலம் அது.

மூதூர் வாசகி

இந்த இழையில் ரிசானாவின் பெயர் வராமல் முடியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ரிசானா நபீக் எங்கள் மூதூர்ப் பிள்ளை. 2005 இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனாள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். போய்ச் சில வாரத்துக்குள், அவள் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. அப்போது அவளுக்கு 17 வயது. 2007 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 இல் நிறைவேற்றப்பட்டது. முதல் வாக்குமூலம் எடுத்தபோது அவளுடைய மொழியைச் சரியாகப் பெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை என்பது வழக்கு முழுக்கப் பேசப்பட்டது. தண்டனை நிறைவேற்றப்பட்ட பிறகு இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது.

தூதுவரைத் திருப்பி அழைப்பது நாடுகளுக்குள் மிகக் கடுமையான எதிர்ப்புகளில் ஒன்று என்று பிறகு படித்தேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது 1963 ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் (வெளிநாட்டிலுள்ள தன் மக்களுக்கு உதவும் வேலை) பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36 ஆம் உறுப்புரை. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், தன் நாட்டு அலுவலகத்துக்கு அறிவிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அவரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அறிவிக்க வேண்டும். அந்த அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், சட்டத்தரணியை ஏற்பாடு செய்யலாம். தூதுவரால் ஒரு நீதிமன்றத்துக்குக் கட்டளையிட முடியாது, அந்த நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடவும் கூடாது. ஆகவே அவர் கையில் இருப்பது முதல் சில நாட்கள்தான். முதல் வாக்குமூலத்தின்போது பக்கத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால் எத்தனையோ மாறும்.

ஓட்டோ அண்ணா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அந்த நாற்காலியில் மூதூர்ப் பிள்ளையின் தமிழ் விளங்கும் ஒருத்தி இருக்க வேண்டும் என்று நான் பத்து வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்பே கடலோடி

நான் படிச்சது குறைவு. பலநாள் படகில போறவன். ஒருக்கா எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்து, அயல் நாடொண்டின்ர கடலுக்குள்ள போய்ப் பிடிபட்டம். ஆறு பேர். முதல் ரெண்டு கிழமை வீட்டில செத்துப் போயிட்டம் எண்டுதான் நினைச்சவை. பிறகு எங்கட தூதரகத்தில இருந்து ஒரு ஐயா பிஸ்கட்டும் சவர்க்காரமும் கொண்டு வந்தார். ஒவ்வொருத்தனிட்டயும் பேர், வீட்டு போன் நம்பர் கேட்டு எழுதினார். அண்டு பின்னேரமே என்ர மனிசிக்கு போன் போயிருக்கு. படகைப் பற்றிப் பேசினது பிறகு. முதல் கேட்டது ஆளின்ர பேர்.

ஒரு கேள்வி. எங்களை மாதிரி ஆக்களை எத்தனை நாள் வைச்சிருக்கலாம் எண்டு சட்டம் இருக்கோ?

கம்பஸ் பிள்ளை

அண்ணை, இருக்கு. நான் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன், போன தவணை இதைப் படித்தோம். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆள்புலக் கடல், 200 கடல் மைல் வரை பொருளாதார வலயம். அந்த வலயத்துக்குள் மீன்பிடிச் சட்டத்தை மீறினதாகப் பிடித்தால், தகுந்த பிணை கட்டியதும் படகையும் ஆட்களையும் விரைவாக விட வேண்டும். படகு எந்த நாட்டினதோ அந்த நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இரண்டு நாடும் வேறு மாதிரி உடன்பட்டிருந்தால் தவிர, அந்தக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதிக்க முடியாது. கடற்சட்ட உடன்படிக்கை, 73 ஆம் உறுப்புரை. 12 மைலுக்குள் என்றால் நிலைமை வேறு, அங்கே அந்த நாட்டின் சொந்தச் சட்டம்.

இதில் இலங்கைக்காரர் ஒருவரின் கை இருக்கிறது, கட்டாயம் சொல்ல வேண்டும். ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. ஐ.நா.வில் எங்கள் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர். 1976 இல் பொதுச்சபைத் தலைவராகவும் தெரிவானார். 1973 இல் தொடங்கிய அந்தக் கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, 1980 இல் இறக்கும் வரை அதை நடத்தினார். உடன்படிக்கை 1982 இல் கையொப்பமானபோது அவர் உயிரோடு இல்லை. உலகத்தில் அத்தனை நாடுகளையும் ஒரு மேசையில் வருடக்கணக்காக இருத்தி வைத்தது ஒரு சின்னத் தீவின் தூதுவர்.

ஓட்டோ மாமாவின் மகளுக்கு: தங்கச்சி, வழி இதுதான். முதலில் பட்டம். எந்தப் பாடமும் சரி. பிறகு இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சை, வர்த்தமானியில் அறிவிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் வராது, எடுப்பதும் மிகச் சிலரை. வயதெல்லை, பாடங்கள் எல்லாம் அந்தந்த அறிவித்தலில் இருக்கும், ஆட்கள் சொல்வதை நம்பாமல் அதை வாசியுங்கள். தெரிவானால் கொழும்பில் பயிற்சி. வெளிநாட்டில் முதல் பதவி பெரும்பாலும் மூன்றாம் செயலாளர் அல்லது இரண்டாம் செயலாளர். பிறகு முதலாம் செயலாளர், ஆலோசகர் என்று ஏறித்தான் தூதுவர். இருபது வருடத்துக்கு மேல் போகும். இடையில் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஆங்கிலத்தை இப்போதே பிடியுங்கள், சிங்களத்தையும் விடாதீர்கள்.

ஜயந்த தனபாலவைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1965 இல் இந்தச் சேவையில் சேர்ந்தவர். அணு ஆயுதப் பரவல் தடுப்பு உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த 1995 ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைவர் அவர்தான்.

சம்பூர் நிலம்

எல்லாரும் உற்சாகப்படுத்துறீங்கள், நல்லது. எனக்குக் கேக்க வேண்டிய ஒண்டு இருக்கு. ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கதிரையில இருந்தால், அரசாங்கம் சொல்லுறதைத்தானே சொல்ல வேணும்? எங்கட இடம்பெயர்வு, காணாமல் போன ஆக்கள் பற்றி ஒரு கூட்டத்தில கேள்வி வந்தால் என்ன செய்வாள்? நான் சண்டைக்குக் கேக்கேல்ல. என்ர சொந்தக் காணிக்கு நாங்கள் எத்தனை வருசம் கழிச்சுப் போனம் எண்டு எனக்குத் தெரியும்.

அதோட, அரசியல்வாதியின்ர சொந்தக்காரன் நேர தூதுவராப் போறதும் நடக்குதுதானே? இருபது வருசம் படிப்படியா ஏறின பிள்ளைக்கு அது நியாயமோ?

ஓய்வு லிகிதர்

சம்பூர் தம்பி, இந்த இழையில் மிகக் கடினமான கேள்வி உங்களுடையது. நேர்மையாகவே சொல்கிறேன். தூதுவர் தன் அரசின் நிலைப்பாட்டைத்தான் வெளியில் பேச வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் உள்ளே எழுதலாம், எதிர்த்து எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்கும் மேல் போனால் இராஜினாமா. மூன்றாவது வழி இல்லை. பிள்ளை இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஆனால் எங்கள் ஆட்கள் அங்கே இருந்ததே இல்லை என்பது சரியல்ல. 1949 இல் இந்தச் சேவை தொடங்கியபோது முதல் அணியிலேயே யோகேந்திரா துரைசுவாமி இருந்தார், பின்னாளில் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராகவும் இருந்தவர். உள்ளே ஒருவர் இருந்தால் என்ன மாறும் என்று கேட்டால், பெரிய கொள்கை மாறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்தக் கோப்பு மேசையின் மேலே வரும், எது அடியில் கிடக்கும் என்பது மாறும். அதை என் கண்ணால் கண்டேன்.

அரசியல் நியமனம் பற்றி: வெளியிலிருந்து வந்த இருவர் எனக்கு மேலதிகாரிகளாக இருந்தார்கள். ஒருவர் திறமையானவர், எங்களுக்குத் திறக்காத கதவுகள் அவருக்குத் திறந்தன. மற்றவர் வந்த நாளிலிருந்து போகும் நாளை எண்ணினார். விதிவிலக்காக இருக்கட்டும், வழக்கமாகக் கூடாது என்பதே என் கருத்து.

கொட்டியாரக்கரை

சம்பூர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மண்ணின் தலைவிதியே தூதுவர்கள் எழுதிய வசனங்களில் இருக்கிறது. பிரித்தானியர் இங்கிருந்த கடற்படைத் தளத்தை 1957 இல் கையளித்தது பேச்சுவார்த்தையால். டொக்யாட்டில் வேலை செய்த என் பாட்டனார் அதைப் பற்றிச் சாகும்வரை பேசினார், பெருமையும் வேலை போன கவலையும் கலந்து.

1987 ஜூலை 29 இல் இந்திய – இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை என்ற பெயர் இருக்கிறது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் இந்தத் துறைமுகத்தைக் கொடுப்பதில்லை என்று ஒன்று, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாகப் புதுப்பிக்கும் என்று ஒன்று. அந்தக் காலத்தில் கொழும்பில் இந்திய உயர் ஸ்தானிகராக இருந்தவர் ஜே.என். தீட்சித். சீனன்குடாவிலுள்ள 99 குதங்களை 14, 24, 61 என்று பிரித்து, அந்த 61 ஐக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து ஒப்பமிட்டது 2022 ஜனவரியில். ஒரு வசனம் தரையிறங்க முப்பத்துநாலு வருடத்துக்கு மேல். ஓட்டோவில் கந்தளாய்ப் பாதையில் போகும்போது காட்டுக்குள் அந்தக் குதங்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கிண்ணியா மூத்தவன்

லிகிதர் ஐயா, இன்னொண்டு. தூதுவர் குற்றம் செஞ்சாலும் பிடிக்க ஏலாதாமே? அது எப்பிடி நியாயம்?

ஓய்வு லிகிதர்

இராஜதந்திர விடுபாட்டுரிமை என்பது அது. தூதுவரைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ முடியாது, தூதரகத்துக்குள் தலைவரின் சம்மதம் இல்லாமல் பொலிஸ் நுழைய முடியாது. லா நெரோலைச் சங்கிலியில் போட்டது போல இனி யாரும் போடாதிருக்கத்தான். ஆனால் அந்த உரிமை அவருடைய சொத்து அல்ல, அவரை அனுப்பிய நாட்டினுடையது. நாடு விரும்பினால் அதைக் கைவிட்டு, "விசாரியுங்கள்" என்று சொல்லலாம். மற்ற நாடும் சும்மா இருக்க வேண்டியதில்லை. "இவர் எங்களுக்கு ஏற்கத்தகாதவர்" என்று எந்த நேரமும் காரணம் சொல்லாமல் அறிவிக்கலாம், அவர் பெட்டி கட்ட வேண்டும். ஊருக்குத் திரும்பினால் சொந்த நாட்டுச் சட்டம் காத்திருக்கும். உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று 1961 வியன்னா உடன்படிக்கையின் 41 ஆம் உறுப்புரை தெளிவாகவே சொல்கிறது.

கோட்டையடி ஓட்டோ

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல. மூண்டு இரவா வாசிச்சம். ரிசானாவைப் பற்றி வாசிக்கேக்க மகள் எழும்பி உள்ள போயிட்டாள், கொஞ்சத்தால வந்து "மிச்சத்தையும் வாசியுங்கோ அப்பா" எண்டாள். சம்பூர் அண்ணை கேட்டதைப் பற்றி என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டன். "எனக்கு இன்னும் பதில் இல்லை. ஆனா அந்தக் கேள்வியைக் கொப்பியில எழுதி வைச்சிட்டன்" எண்டாள். கொப்பியில முதல் பக்கத்தில அந்த அஞ்சு வேலை, அடுத்த பக்கத்தில 36, 73 எண்டு ரெண்டு இலக்கம், அதுக்குக் கீழ இந்தக் கேள்வி.

அவள் உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னாள். கிண்ணியா நானாவிட்ட போன் எடுத்துப் பேசின அந்த மூன்றாம் செயலாளரின்ர பேர் என்ன? அவ இப்ப எங்க இருக்கிறா?

கிண்ணியா மூத்தவன்

மகள், எனக்குப் பேர் தெரியா. அந்த நேரம் கேக்கிற நிலையில நாங்க இருக்கல்ல. அவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின கடிதம் ஒண்டு உம்மாட பெட்டிக்குள்ள இரிக்கி. இப்ப எடுத்துப் பாத்தன். கையெழுத்து விளங்கல்ல. கீழ பதவி மட்டும்தான் அடிச்சிரிக்கி.

ஓய்வு லிகிதர்

நானா, கடிதத்தின் மேல் பகுதியில் ஒரு கோப்பு இலக்கமும் திகதியும் இருக்கும். அந்த இரண்டையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். என்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் அமைச்சில் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.

கிண்ணியா மூத்தவன்

உம்மா தூங்குறா. சுபஹுக்குப் பிறகு எடுத்து அனுப்புறன்.